தூங்காத குட்டிக் கணிப்பொறி

நள்ளிரவில் ஒரு சர்வர் கணிப்பொறி நின்றுவிடுகிறது. பொறியாளரோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். என்ன செய்வார்?

சர்வரின் தாய்ப்பலகையில் இன்னொரு குட்டிக் கணிப்பொறி உண்டு. பெரியது அணைந்தாலும் இது அணையாது. மின்கம்பி செருகியிருந்தால் போதும். இதற்குத் தனி வலை முகவரியும் உண்டு. இத்தகைய கருவிகளுக்கென 1998-இல் இன்டெல், டெல், ஹெச்.பி., என்.இ.சி. நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது மொழியை வகுத்தன. ஹெச்.பி. சர்வர்களில் இதன் பெயர் 'ஐ.எல்.ஓ.' கடைசி இரண்டு எழுத்துகள் 'விளக்கணைத்த' என்று பொருள்படும். ஆளில்லாத கூடத்துக்கு விளக்கு எதற்கு!

தொலைவிலிருந்தே சர்வரை அணைத்து ஏற்ற லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் இந்தச் சர்வர்கள் பலவற்றில், இயங்குதளம் தொடங்கியபின் அதன் திரையைக் காண 25 எழுத்துச் சாவி வேண்டும். சாவி புதிய உறுப்பு எதையும் சேர்ப்பதில்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் திறனைத் திறந்துவிடுகிறது. விலைகொடுத்து வாங்கிய பெட்டிக்குள் பூட்டா என்கிறீர்களா? நியாயமான கேள்விதான்!

எஸ்.எஸ்.எச். வழியே குட்டிக் கணிப்பொறிக்குள் நுழைந்து, ஆங்கில எழுத்துகளில் 'செட் /மேப்1 லைசென்ஸ்=' என்று தட்டி, இடைவெளியின்றிச் சாவியைச் சேர்க்க வேண்டும். 'ஸ்டேட்டஸ்=0' என்று பதில் வந்தால் வேலை முடிந்தது. ஒரு சர்வருக்கு இதைத் திரையில் சொடுக்கியும் செய்யலாம். ஐந்நூறுக்கு? கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைத்தால் கணிப்பொறியே ஒவ்வொன்றாக அனுப்பிவிடும்.

குட்டிக் கணிப்பொறியின் கடவுச்சொல் பிறரிடம் சிக்கினால், பெரியதை அவரும் அணைக்கலாம். ஆகவே இதைப் பொது இணையத்தில் விடாமல் தனி வலையில் வைக்க வேண்டும்.