விற்பனைக்கு ஆள் எடுக்கையில்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், மதுரையில் சோப்பு, பிஸ்கட், தீப்பெட்டி முதலிய சரக்குகளுக்கு ஏஜென்சி நடத்திவரும் நண்பர் ஒருவர், கடை கடையாகப் போய்வரும் தம்முடைய லைன்களுக்கு நான்கு சேல்ஸ்மேன்கள் வேண்டியிருப்பதாகவும், நேர்முகத்தின்போது நானும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தமக்குத் தைரியமாக இருக்கும் என்றும் சொல்லி அழைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் இதே தொழிலில் முதலில் சைக்கிளிலும், அப்புறம் பஸ்ஸிலும், கடைசியில் கம்பெனிக் காரிலுமாக அலைந்துவிட்டு, இப்போது வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இத்தகைய அழைப்பு எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை, போனேன்.

கேள்வி கேட்டவர் நண்பரல்லர், அவருடைய குமாரர். எம்.பி.ஏ. படித்தவர், நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு உள்ளவர். ஆனால் அன்று அவர் கேட்ட கேள்விகளில் பாதி கைப்பேசியில் பார்த்த வீடியோக்களிலிருந்தும், மறுபாதி, "நல்லா வாய் பேசுறவனா எடுடா" என்று காலையில் தகப்பனார் இட்ட கட்டளையிலிருந்தும் பிறந்தவை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பையன் உட்கார்ந்ததும், தம் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அவன் முன் வைத்து, "இதை எனக்கு வில்லுங்கள், பார்ப்போம்" என்றார். பையன் பேனாவை எடுத்தான், மூடியைக் கழற்றினான், தன் பயோடேட்டாவின் பின்பக்கத்தில் ஒரு கோடு இழுத்தான், மறுபடியும் இழுத்தான், பிறகு மூடியைப் போட்டுத் திருப்பி வைத்துவிட்டு, "சார், இது எழுதலையே" என்றான். குமாரர் சிரித்துவிட்டார். அவன் வெளியே போனதும் அவன் பெயருக்கு நேரே வேறொரு பேனாவால் 'வேண்டாம்' என்று எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் காட்சி என்னை விடவில்லை. சரக்கு எழுதுகிறதா என்று முதலில் சோதித்துப் பார்த்த ஒருவனை, சரக்கு விற்கும் வேலைக்குத் தகுதியற்றவன் என்று தள்ளிவிட்டோமே என்ற உறுத்தலே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

விற்பனைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கப்படுகிற கேள்விகள் எத்தனை வகைப்படும் என்று ஆராய்ந்தால் ஆறேழுக்கு மேல் தேறாது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது முதலாவது. வந்தவருக்கு மூச்சு வாங்க அவகாசம் கொடுப்பதற்கு மேல் அதனால் பிரயோஜனம் கிடையாது என்றாலும், அந்த அவகாசமும் ஒரு மரியாதைதான் என்பதால் கேட்டுவிட்டுப் போகலாம். "உங்களுடைய பலவீனம் என்ன" என்பது இரண்டாவது. "அளவுக்கு மீறி உழைப்பதே என் பலவீனம்" என்னும் விடையை இன்று பள்ளிக்கூடப் பையனும் அறிவான். "ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள்" என்பதைக் கேட்பவரை நான் ஐந்து வருஷத்துக்குப் பின் சந்தித்தால், அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்க விரும்புகிறேன். மிஞ்சுபவை நான்கு: நடந்ததைக் கேட்பது, நடக்கக்கூடியதைக் கேட்பது, கணக்குக் கேட்பது, நடித்துக் காட்டச் சொல்வது. கடைசியில் சொன்னதுதான் பேனா. இன்று எல்லாரையும் மயக்கிக்கொண்டிருப்பது அதுவே ஆகையால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கேள்வி பழையதுதான். ஆயினும் இது இவ்வளவு பிரசித்தி அடைந்தது, 2013-இல் வெளிவந்த 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்துக்குப் பிறகே. மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கிய அப்படத்தில், லியனார்டோ டிகாப்ரியோ ஏற்று நடித்த ஜோர்டான் பெல்ஃபர்ட் என்பவர் கற்பனைப் பாத்திரமல்லர். பங்கு வியாபாரத்தில் மோசடி செய்ததை 1999-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, பின்னர் இருபத்திரண்டு மாதம் சிறையிலிருந்த தரகர். ஆள் எடுக்கும் வித்தையை நாம் யாரிடம் கற்றுக்கொள்ளப் புறப்பட்டிருக்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படத்தின் கடைசியில் அவர் ஒரு கூட்டத்தில் ஒவ்வொருவரிடமாகப் பேனாவை நீட்டுகிறார்; ஒவ்வொருவரும் பேனாவின் பெருமையைத் திக்கித் திணறிச் சொல்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரித்த நம் இளைஞர்கள், மறுநாளே தம் அலுவலகத்தில் அதே பேனாவை நீட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அக்கேள்வியில் என்ன தோஷம்? எங்கள் தொழிலில் சேல்ஸ்மேன் முன்பின் அறியாத ஒருவரிடம் ஒரு தடவை போய் ஒரு பேனாவை விற்றுவிட்டு ஓடிப்போகிறவனல்லன். அதே கடைக்கு வாரம் தவறாமல், வருஷக்கணக்கில், மழையிலும் வெயிலிலும் போய் நிற்கிறவன். கடைக்காரருக்குச் சரக்கைப் பற்றி அவனைவிட அதிகம் தெரியும். எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்பதை அவருடைய அலமாரியே சொல்லும். அவரிடம் சாதுரியமாகப் பேசி இல்லாத தேவையை உண்டாக்கிவிடலாம் என்று நினைப்பவன் முதல் மாதம் ஜெயிப்பான். இரண்டாம் மாதம் அவன் தலை தெரிந்ததும் கடைப்பையன், "அண்ணாச்சி இல்லை" என்று சொல்லிவிடுவான். அன்றியும், பேனாவை நீட்டுகிற நீங்கள் வாங்க வந்தவரல்லர். உங்களுக்குப் பேனா வேண்டாம் என்பது எதிரில் இருப்பவனுக்கும் தெரியும். ஆகவே இரண்டு பேரும் பொய் என்று அறிந்தே ஒரு நாடகத்தை நடத்துகிறீர்கள். நாடகத்தில் எவன் கெட்டிக்காரனோ அவனுக்கு உத்தியோகம் கிடைக்கிறது.

அந்த நாடகத்தில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். வெகு காலத்துக்கு முன் திண்டுக்கல் பக்கத்து லைனுக்கு ஆள் தேடியபோது, என் மேஜைமேல் இருந்த ஒரு சாம்பிள் சோப்பைக் காட்டி விற்கச் சொன்னேன். வந்தவர் ஐந்து நிமிஷம் பேசினார். ஆறாவது நிமிஷம் நானே காசு கொடுத்து வாங்கிவிடுவேன் போலிருந்தது. அன்றே எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் டார்கெட்டைத் தாண்டிக் கொட்டினார். கம்பெனியிலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. நான்காம் மாதம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதன் பிறகுதான் விஷயம் வெளியாயிற்று: மாசக் கடைசியில் கடை கடையாகச் சரக்கைத் திணித்து, "விற்காட்டி அடுத்த மாசம் நானே திருப்பி எடுத்துக்கறேன்" என்று ஒவ்வொரு கடைக்கும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். நத்தத்திலிருந்து வத்தலக்குண்டு வரை மூன்று வாரம் கடை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கல்லாவிலிருந்தும் ஒரு சீட்டு வந்தது. ஒரு பெரியவர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார். பேசத் தெரிந்தவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு கிலி உண்டு. அது நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தக் கிலிக்கு ஆராய்ச்சியாளர்களும் ஓரளவு துணை நிற்கிறார்கள். ஆடம் கிராண்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், தொலைபேசி மூலம் விற்பனை செய்யும் 340 பேரை மூன்று மாத காலம் கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் விற்றவர்கள் கலகலப்பானவர்களுமல்லர், ஒதுங்கி இருப்பவர்களுமல்லர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களே என்று கண்டார். நீல் ரேக்கம் என்பவர் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து 1988-இல் எழுதிய புத்தகத்தின் சாரமும், பெரிய வியாபாரங்களில் ஜெயிக்கிறவன் அதிகம் கேள்வி கேட்கிறவன் என்பதே. பேனாவை நீட்டியே தீருவேன் என்பவர்கள், எதிரில் இருப்பவன் திருப்பிக் கேள்வி கேட்கிறானா என்று மட்டும் பார்க்கலாம். ஆனால், "நீங்கள் கடைசியாக எப்போது பேனா உபயோகித்தீர்கள்" என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதையும் இப்போது வீடியோவிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஒரே நாளில் ஏழு பேர் அதே கேள்வியை அதே குரலில் கேட்டதை நானே காதால் கேட்டேன்.

ஏற்கெனவே லைனில் இருந்தவர் வந்தால் நடந்ததைக் கேளுங்கள். அதற்கு இணை கிடையாது. "நீங்கள் எப்படி விற்பீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "போன செவ்வாய்க்கிழமை எந்த லைன்? எத்தனை கடை ஏறினீர்கள்? எத்தனை பில் விழுந்தது? பில் விழாத கடைகளில் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் ஏன் வேண்டாம் என்றார்? அடுத்த வாரம் அதே கடையில் என்ன நடந்தது?" என்று ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். உழைத்தவனுக்கு இதெல்லாம் விரல் நுனியில் இருக்கும்; கடைக்காரர் பெயரும், அவர் மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்பதும், பாக்கி எவ்வளவு நிற்கிறது என்பதும் தாமாகவே வரும். உழைக்காதவன் மூன்றாவது கேள்வியில், "பொதுவா என்ன சார் பண்ணுவோம்னா" என்று ஆரம்பிப்பான். அந்தப் 'பொதுவா'வைக் கேட்டதும் நான் பேனாவை மூடிவிடுவேன்.

அதிலும் வசூலைப் பற்றிக் கேட்காமல் ஒருவரையும் எடுக்கக் கூடாது. விற்பது பாதி வேலை. பணம் வந்து சேர்ந்தால்தான் அது விற்பனை, இல்லாவிட்டால் தானம். "உங்களுக்கு ரொம்ப நாள் இழுத்தடித்த பாக்கி எது, எப்படி வாங்கினீர்கள்" என்ற ஒரே கேள்விக்கு வரும் பதிலில் ஒருவனுடைய பொறுமை, கோபம், நாணயம் மூன்றும் வெளிப்பட்டுவிடும். சத்தம் போட்டு வாங்கினேன் என்பவன் கடையை இழந்திருப்பான். வாங்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஏன் முடியவில்லை என்பதையும் விளக்குகிறவனை நான் இரண்டாம் முறை கூப்பிட்டிருக்கிறேன்.

படிப்பு முடித்து நேரே வருகிற பிள்ளைகளிடம் கேட்பதற்கு நடந்தது ஒன்றும் இருக்காது. அவர்களிடம் நடக்கக்கூடியதைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி நம் கடைத்தெருவிலிருந்து வரவேண்டும். "காலை எட்டரை மணி, கடை அப்போதுதான் திறந்திருக்கிறது, இன்னும் போனி ஆகவில்லை. போன வாரப் பாக்கியை வாங்க நீங்கள் போய் நிற்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?" என்பது நான் பல வருஷமாகக் கேட்டுவரும் கேள்வி. பில்லைக் காட்டிப் பணத்தைக் கேட்பேன் என்பவனுக்குக் கடைத்தெரு தெரியாது. வந்துவிட்டேன் என்பதை மட்டும் கண்ணில் காட்டிவிட்டு அடுத்த இரண்டு கடைகளை முடித்துக்கொண்டு திரும்பி வருவேன் என்பவனுக்குத் தெரியும். ஒரு பெண் மட்டும், "நானே ஒரு தீப்பெட்டி வாங்கிப் போனி பண்ணிட்டு, அப்புறம் போய்ட்டு வர்றேன்னு சொல்லுவேன் சார்" என்றாள். அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கணக்கைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் கடைக்காரருக்கு விழும் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பத்து என்பவர்களே அதிகம். பதினொன்றில் ஒன்று, அதாவது ஒன்பது சதவீதத்துக்குச் சற்று மேல் என்பது சரி. விருதுநகர்க் கடைக்காரர் இதைக் காகிதம் இல்லாமல் சொல்லிவிடுவார். அவர் முன் நிற்கப்போகிறவனும் சொல்ல வேண்டும்.

எந்தக் கேள்வியைத் தேர்ந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு: வந்த அத்தனை பேரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மார்க் போட்டுவிட வேண்டும். நூறு வருஷத்துக்கும் முன்பே வால்டர் டில் ஸ்காட் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர், சேல்ஸ்மேன் வேலைக்கு விண்ணப்பித்த அதே ஆட்களைப் பல விற்பனை மேலாளர்களிடம் அனுப்பி வரிசைப்படுத்தச் சொன்னபோது, ஒருவர் மேலே வைத்தவரை இன்னொருவர் கீழே வைத்தார். அவரவர் மனம் போனபடி கேட்டால் இன்றைக்கும் அதுவேதான் நடக்கிறது. நான் போன நேர்முகத்தில் முதலாளி மெச்சியவரும் குமாரர் மெச்சியவரும் ஒருவரே அல்லர். கேட்டுவிட்டால் சும்மா இருக்கவும் தெரிய வேண்டும். கேள்வியைப் போட்டுவிட்டு அரை நிமிஷம் பொறுக்க மாட்டாமல் தாமே விடையையும் எடுத்துக் கொடுக்கும் அதிகாரிகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பொறுமை, நேர்முகத்துக்கு வந்து உட்காரும் பிள்ளைகளுக்கும் வேண்டும், அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் வேண்டும். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை, விற்பனைக்காவது போ என்று தகப்பனார் பிடித்துத் தள்ள, அந்த 'காவது'வை முகத்தில் சுமந்துகொண்டு வருகிற பிள்ளைகள் பாதிப் பேர். நாள் முழுவதும் மனிதர்களோடு பழகுவதில் சலிப்புத் தட்டாத சுபாவம் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. இல்லாதவன் அதனால் தாழ்ந்தவனாகிவிடமாட்டான், கோடவுனிலோ கணக்கிலோ அவன் பிரகாசிக்கக்கூடும். இருக்கிறவனுக்கும் ஒரு லைன் கைக்கு வர ஒரு வருஷமாவது ஆகும் என்பதைப் பெற்றவர்கள் உணர்ந்து, மூன்றாம் மாதமே இன்சென்டிவ் எங்கே என்று கேட்காமல் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகு இருவரில் யாரை எடுப்பது என்று தீராத சந்தேகம் நின்றால், ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்து, பழைய சேல்ஸ்மேன் ஒருவரோடு இருவரையும் லைனுக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். அப்படி ஒரு தடவை திருமங்கலம் லைனுக்குப் போய்விட்டு வந்த இருவரில் ஒருவர், எத்தனை பில், எவ்வளவு ரூபாய் என்று கடகடவென்று ஒப்பித்தார். பழைய சேல்ஸ்மேன் போட்ட பில்கள் அவை. மற்றவர் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, "சார், மூணாவது கடையில நம்ம சோப்பைப் பின்னால தள்ளி முன்னால வேற டப்பாவை அடுக்கி வச்சிருந்தாங்க. அவரைக் கேட்டுட்டு நான் எடுத்து முன்னாடி வச்சிட்டு வந்தேன். நான் இன்னும் வேலையில சேரலையே, அது தப்பா சார்?" என்றார். கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்காரச் சொல்லிவிட்டு, ஆர்டர் அடிக்கும்படி டைப்பிஸ்டைக் கூப்பிட்டேன்.