ஜெபமும் மந்திரமும் ஒரே சொல்லில்: அயர்லாந்தின் 'ஒர்ஹ'



போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, எங்க பாட்டி விபூதி போட்டு ஏதோ ஓதுவாங்க. காலேஜ்ல சொன்னா சிரிக்கிறாங்க. அது பக்தியா, மூடநம்பிக்கையா?" எனக்கு உடனே பதில் வரலை. அப்புறம்தான் ஓர் ஐரிஷ் சொல் ஞாபகம் வந்தது.

'ஒர்ஹ'. பிரார்த்தனை, மந்திரம், நோய்க்கு ஓதுவது எல்லாத்துக்கும் இந்த ஒரே சொல்தான். லத்தீனில் ஜெபத்தைக் குறிக்கும் 'ஒராத்தியோ'விலிருந்து வந்தது. தேவாலயத்துச் சொல், கிராமத்தில் ஓதி வைத்தியம் பார்ப்பவர் வாய்க்குப் போய் மந்திரமாகவும் ஆயிடுச்சு!

பல்வலி ஒர்ஹவைப் பாருங்க. அது ஒரு குட்டிக் கதை. பேதுரு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு கல்லு மேல உட்கார்ந்திருக்கார். இயேசு வந்து என்னன்னு கேட்கிறார். பல்வலிங்கிறார். எழுந்திரு, சரியாயிடும்னு அவர் சொல்றார். அவ்வளவுதான். அன்னிக்கு பேதுருவுக்கு நடந்தது இன்னிக்கு இவருக்கும் நடக்கட்டும்னு ஓதுறாங்க. இதில் வேண்டுதல் எது, மந்திரம் எது? எனக்குப் பிரிக்கத் தெரியலை. (பல்லுக்கு டாக்டரையும் பாருங்க!) ரத்தம் நிற்க, சுளுக்கு விலக என்று தனித்தனி ஒர்ஹ உண்டு. ஓதுபவர் பொதுவாகக் காசு வாங்க மாட்டார். பல ஊர்களில் ஆண் பெண்ணுக்கும், பெண் ஆணுக்கும்தான் சொல்லித் தரணும்.

இது ரொம்பப் பழசு. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடத்து நூலகத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஐரிஷ் ஓதல்கள் இருக்கு. குத்தின முள் வெளியே வர, பழைய கொல்லர் தெய்வமான கொவ்னியுவைக் கூப்பிடுறாங்க. அதே ஏட்டில் கிறிஸ்துவின் பெயரும் வருது!

காப்புப் பிரார்த்தனைக்கு வேற பெயர்: 'லூரஹ்'. லத்தீன் 'லோரிகா', அதாவது மார்புக் கவசம். கவசம் படிக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதெல்லாம் எப்படி மிஞ்சியது? 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள், ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையத்துக்காக வீட்டுப் பெரியவங்க சொன்னதைக் கேட்டு நோட்டில் எழுதினாங்க. கதை, பழமொழி, கை வைத்தியம், ஒர்ஹ எல்லாமே அதில் உண்டு. இன்னிக்கு இணையத்திலேயே படிக்கலாம்.

இதையெல்லாம் தம்பிக்கு அனுப்பிட்டு, "பாட்டி ஓதுறதை எழுதி வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். இன்னும் இல்லையாம். இந்த ஞாயிறு நோட்டோட ஊருக்குப் போறாராம்.