வீடு வாங்க நாள் பார்க்கிறியா? மழையையும் சேர்த்துப் பாரு!

சென்னைப் பக்கம் வீடு வாங்கணும்னு முடிவு பண்ணினதுமே காலண்டரைத் திருப்பி முகூர்த்த நாள் தேட ஆரம்பிச்சுடுற. தேடு, தப்பில்லை. ஆனா அதே காலண்டர்ல மழை மாசமும் வெயில் மாசமும் இருக்கே, அதை ஏன் பார்க்க மாட்டேங்குற? வேலைக்கு ஓடுற உனக்காகச் சுருக்கமாவே சொல்றேன்.

1. ஐப்பசி, கார்த்திகையில அடைமழை விட்ட மறுநாளே போய் வீட்டைப் பாரு. "ரோடெல்லாம் சேறும்மா, பொங்கல் கழிச்சு வாங்க"ன்னு புரோக்கர் சொல்லுவார். நீ அன்னிக்கே போ. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைன்னா இது கட்டாயம். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு விக்கிறவர்கிட்ட மட்டும் கேட்டுட்டு வந்துடாதே. தெருமுனை இஸ்திரிக்காரர்கிட்ட கேளு, வாட்ச்மேன்கிட்ட கேளு. இ.பி. மீட்டர் பெட்டி ரொம்ப உயரத்துல மாட்டியிருந்தாலோ, சுவர்ல இடுப்பு உயரத்துக்கு மட்டும் புது பெயின்ட் இருந்தாலோ ஏன்னு விசாரி. மூணாவது மாடிதானேன்னு அலட்சியம் வேண்டாம். உன் வண்டியும் சம்ப்பும் மோட்டாரும் கீழேதான் இருக்கும்.

2. அடுத்தது கோடைத் தண்ணி. 2019 கோடையில செம்பரம்பாக்கம், செங்குன்றம் ஏரியெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க. சித்திரை வரைக்கும் காத்திருக்க நேரமில்லையா? குறுக்கு வழி இருக்கு. அசோசியேஷன் கணக்குல ஏப்ரல், மே, ஜூன் மாச லாரித் தண்ணி பில்லைக் கேட்டு வாங்கிப் பாரு. எத்தனை லாரி வந்துச்சுங்கிறதே போதும். பாத்ரூம் குழாய்ல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கான்னும் கவனி.

3. ஆடியிலயும் மார்கழியிலயும் சும்மா உட்காராதே! வாங்க ஆள் வராத மாசம், விலை பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாத்தையும் வக்கீல்கிட்ட கொடுத்துடு, வங்கிக் கடனுக்கும் எழுதிப் போடு. பதிவை ஆவணியிலயோ தையிலயோ வச்சுக்கலாம். ஆடியிலயே அட்வான்ஸ் கொடுக்கணும்னா ஆடிப்பெருக்கு இருக்கு, அன்னிக்குப் பத்திரமே பதியறவங்க நிறைய பேர். பில்டர் தர்ற 'ஆடி ஆஃபர்' தங்கக் காசுல மயங்கிடாதே. "காசு வேண்டாம், சதுர அடிக்குக் குறைச்சுக்கோங்க"ன்னு கேளு.

4. முகூர்த்த நாள்ல பதிவுத் துறை கூடுதல் டோக்கன் கொடுத்தாலும் சார்பதிவாளர் ஆபீஸ்ல கூட்டம் நெரியும். டோக்கனை முன்னாடியே போட்டுடு. இல்லேன்னா சாதாரண நாள்ல பதிஞ்சுட்டு, நல்ல நாள்ல பால் காய்ச்சிக்கோ. ஒண்ணு மட்டும் மறக்காதே: ஆடியில எடுத்த வில்லங்கச் சான்றை நம்பி ஆவணியில கையெழுத்துப் போடக் கூடாது. பதிவுக்கு முன்னாடி புதுசா எடு. நடுவுல யாராவது அடமானம் வச்சிருந்தா அதுலதான் தெரியும்.

5. கிரகப்பிரவேசத்துக்கு ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, மாசி, பங்குனி ஆகாதுன்னு நம்ம வீடுகள்ல ஒதுக்குவாங்க. பில்டர் சாவியைத் தையில தராம இழுத்தா, அடுத்தது சித்திரைதான். அந்த ரெண்டு மாசமும் வாடகையும் கட்டணும், இ.எம்.ஐ.யும் கட்டணும். அந்தப் பணத்தை இப்பவே எடுத்து வை.

6. விக்கிறவளா நீ? பிள்ளைங்க இருக்கிற குடும்பம் ஜூன்ல ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள குடிவரப் பார்ப்பாங்க. அதனால மாசியிலயே விக்கப் போறதைச் சொல்லி வை. வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் அப்பவே சொல்லிட்டா, பரீட்சை முடிஞ்சு நிம்மதியா காலி பண்ணுவாங்க. ஒழுகலைச் சரிபண்ணி, சுவர் நல்லாக் காய்ஞ்ச பிறகு வெயில்லயே பெயின்ட் அடி. மழை நேரத்துல ஓதத்து மேல பட்டி பார்த்து மறைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாள்ல உப்பி உதிர்ந்துடும். ஓதம் இருந்தா இருக்குன்னு சொல்லி விலையைக் கொஞ்சம் குறைச்சுக்கோ. வர்றவங்களும் உன்னை மாதிரியே கடன் வாங்கித்தான் வர்றாங்க.