சேலம் தந்த திரைச் செல்வம்

திரைப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கோடம்பாக்கமே. ஆனால் கள்ளக்குறிச்சியில் வாழும் நாம், கல்வராயன் மலைக்கு அப்பாலுள்ள சேலத்தை மறத்தல் ஆகாது.

டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1935-இல் அங்கே மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதற்படம் 'சதி அகல்யா' 1937-இல் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இந்நிறுவனம் தந்ததே. அதை ஒளிப்பதிவு செய்தவர் ஒரு ஜெர்மானியர் என்பது நமக்கு வியப்பளிக்கிறது! பின்னர் 'மந்திரி குமாரி' (1950) வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வந்தது. 1963-இல் சுந்தரம் மறைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிறுவனம் பிற்காலத்தில் மூடப்பட்டது.

இன்று ஏற்காடு சாலையில் எஞ்சி நிற்பது அதன் நுழைவாயில் வளைவே. 'பாலன்' படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. தொலைந்தபின் தேடிப் பயன் என்ன? 'அலிபாபா'வைக் கொட்டகையில் மணல்மேல் அமர்ந்து கண்ட பெரியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இவ்விடுமுறையில் அவர்களிடம் கேட்போம்; கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்போம்.