தல விருட்சமும் தல யாத்திரையும்
(ஊவா மலையிலிருந்து கதிர்காமம் வரை)

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒரு திருக்கோயிலுக்குச் சிறப்புத் தருவன என்பதை அடியார்கள் அறிவர். இவற்றோடு நான்காவதாக வைத்து எண்ணத்தக்கது தல விருட்சம். பல தலங்களில் கோயிலுக்கு முன்பே மரம் இருந்தது. தில்லை மரக்காடே சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது. மதுரை கடம்பவனமாய் இருந்தது. திருவானைக்காவுக்கு வெண்ணாவல், காஞ்சி ஏகம்பத்துக்கு மா, திருக்குற்றாலத்துக்குக் குறும்பலா. எமது நாட்டிலே திருக்கேதீச்சரத்துக்கு வன்னியும் திருக்கோணேச்சரத்துக்குக் கல்லாலும் தல விருட்சங்களாகும். தட்சிணாமூர்த்தி சனகாதி முனிவர் நால்வருக்கு மௌனத்தால் உபதேசித்தது அந்தக் கல்லாலின் நிழலிலேதான்.

எமது தோட்டப்புறக் கோயில்களின் கதையும் இதுவே. தமிழகத்திலிருந்து வந்து காடழித்துக் கோப்பியும் பின் தேயிலையும் நட்ட முன்னோருக்கு முதலில் கோயில் கட்ட வசதி இருக்கவில்லை. வெட்டாது விட்ட ஒரு பெருமரத்தடியில் கல்லொன்றை நட்டு, சூலம் ஊன்றி, முனியென்றும் மாரியென்றும் கும்பிட்டனர். இன்று கோபுரத்தோடு நிற்கும் பல ஆலயங்களின் தொடக்கம் அந்த மரத்தடிதான். குளிர் மிகுந்த மேல் மலைத் தோட்டங்களில் வேம்பு இலேசில் வளராது. ஆகவே மாரியம்மன் திருவிழாவுக்கு வேப்பிலையைக் கீழ்ப்பகுதிகளிலிருந்து கொண்டு வருவதுண்டு. ஆயினும் தேயிலைக்கு நிழல் தரும் முள்முருக்கு இனம் எங்கும் உண்டு. அதே இனத்து மரத்தையே மங்கல காரியங்களில் கன்னிக்காலாக நடுகிறோம்.

ஊவா மக்களுக்குத் தல யாத்திரை என்றால் அது கதிர்காமமே. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய இத்தலமும் இதே ஊவா மாகாணத்தில், மொனராகலை மாவட்டத்தில் உள்ளது. அடியார் நீராடும் மாணிக்க கங்கை எங்கே பிறக்கிறது தெரியுமா? பதுளைக்கும் பசறைக்கும் மேலே தெரியும் நமுனுகுல மலைத்தொடரிலே! எமது கொழுந்து மலைகளில் பெய்யும் மழையின் ஒரு பங்குதான் அங்கே தீர்த்தமாகிறது. மலையில் ஓடையை அசுத்தம் செய்கின்றவர் கதிர்காமத் தீர்த்தத்தையே அசுத்தம் செய்கின்றார் என்று சொன்னால் அது மிகையன்று.

அந்த ஆற்றங்கரையில் வேரை நீருக்குள் விட்டு நிற்பவை மருத மரங்கள். சிங்களத்தில் கும்புக் என்பர். மருது சிவபெருமானுக்கு உகந்தது. வடக்கே ஸ்ரீசைலம், நடுவே திருவிடைமருதூர், தெற்கே திருப்புடைமருதூர் ஆகிய மூன்றும் மருதைத் தல விருட்சமாகக் கொண்டவை. கந்தன் ஆலயத்தின் பின்புறம் பழமையான அரச மரம் ஒன்று உண்டு. அநுராதபுரத்து மகாபோதியின் முதற் கன்றுகள் எட்டில் ஒன்று கதிர்காமத்தில் நடப்பட்டதாக மகாவம்சம் கூறும். இம்மரத்தை அதன் வழியாகவே பௌத்தர் போற்றுகின்றனர். இந்துக்களும் அதை வலம் வருகின்றனர். ஆடி விழாவின் முன்னோடியாக நடைபெறுவதும் ஒரு மரச் சடங்கே. விழாவுக்கு 45 நாட்களுக்கு முன் பால் வடியும் மரத்தின் கால் நடப்படுகிறது. வள்ளியம்மையைத் தேடி வந்த முருகன், வேடர் வந்தபோது வேங்கை மரமாய் நின்றான் என்று கந்தபுராணம் சொல்வதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

முன்பு எம்மவர் எல்ல, வெல்லவாய, புத்தல வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே சென்றனர். யானைப் பயம், காய்ச்சல் எல்லாம் இருந்தன. நோய் பரவும் என்று அஞ்சிய ஆங்கில அரசு யாத்திரையைக் கட்டுப்படுத்தி வந்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப் தாமே கதிர்காமம் சென்று விழாவை மேற்பார்வை செய்திருக்கிறார். தோட்டத் தொழிலாளிக்கு இன்னொரு தடையும் உண்டு. போகும் நாளுக்குப் பேர் விழாது. பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை.

அப்படிச் செல்பவனுக்கு என்ன பலன்? மகாபாரதம் வனபர்வத்தில் புலஸ்திய முனிவர் வீட்டுமருக்கு இதனை விளக்குகிறார். வேள்வி செய்யப் பெரும்பொருளும் பல துணைவரும் வேண்டும். அது அரசருக்கே இயலும். வறியவர் பெறக்கூடியதும், வேள்விக்கு மேலான பலன் தருவதும் தீர்த்த யாத்திரையே என்கிறார். அதற்கும் நிபந்தனை வைக்கிறார். கையும் காலும் மனமும் அடங்கியவனுக்கே அப்பலன் கிட்டும். வானில் பாட்டு முழங்க, மதுவோடு போய்வரும் பயணத்தை யாத்திரை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வானில் போவது குற்றமன்று. முதியவரும் நோயாளரும் வேறெப்படிச் செல்வது?

இனி ஒரு முக்கிய விடயம். கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கியதும் மண்டபத்துக்கு இடம் காணாது என்று முதலில் மரத்தில் கை வைக்கின்றார்கள். பாலஸ்தாபனத்தின்போது இறைவனை எழுந்தருளச் செய்வதே அத்திப் பலகையில்தான் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். வெட்டிய பின் வருந்துவதிலும், வரைபடம் போடும்போதே மரத்தை விட்டுப் போடுமாறு ஸ்தபதியாரிடம் கேட்பது எளிது. அடிமரத்தைச் சுற்றிச் சீமெந்து பூசாமல் மழைநீர் இறங்க மண்ணை விடவேண்டும். கற்பூரத்தை வேரின்மேல் கொளுத்தாது எட்டக் கல்லொன்றில் கொளுத்தலாம். மணி கட்டவும் விளக்குப் போடவும் ஆணி அடிப்பதை நிறுத்தலாம். மரம் இல்லாத ஆலயமாயின், வரும் மழைக்கு முன்பே ஒரு நாவற்கன்றோ அரசங்கன்றோ, வேர் சுவரைப் பிளக்காத தூரத்தில், ஆடு மாடு கடிக்காதபடி வேலியிட்டு நட்டுவிடலாம்.