கவாத்து மலை சொன்ன பாடம்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மேட்டு லயத்தில் பிறந்தவன் நான். பாடசாலைக் காலத்தில் 1,500 மீற்றர் ஓடினேன். வலயப் போட்டிக்கு முந்திய வாரம் முழுக்க, விடியற்காலையில் ஸ்டோர் வரை இறங்கி ஏறி ஓடினேன். போட்டியன்று கடைசிச் சுற்றில் தொடைகள் மரக்கட்டையாகிவிட்டன. அன்றிரவு எண்ணெய் தேய்த்துவிட்ட அம்மா சொன்னார்: “கவாத்து வெட்டுன மலைய மாசக்கணக்கா சும்மா விடுறோம்ல தம்பி, அப்பதானே தளிர் வருது. ஒடம்ப மட்டும் விட மாட்டியா?”

இன்று ஹட்டன் டன்பார் மைதானத்தில் பிள்ளைகளைப் பழக்கும்போது அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறேன்.

இறக்கத்துக்குப் பயப்படுங்கள். ஏற்றம் மூச்சை வாங்கும்; இறக்கம் தசையைக் கிழிக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் நுண்ணிய காயங்கள் உண்டாகின்றன. வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் அதே இறக்கம் அடுத்த முறை அவ்வளவு நோகாது. ஆகவே சில வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். போட்டிக்கு முந்திய வாரம் நிறுத்திவிடுங்கள்.

இரத்தத்தைக் கவனியுங்கள். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. அதனால் மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் குறையும்; உடல் அதை ஈடுகட்டச் சிவப்பணுக்களைக் கூட்டப் பார்க்கும். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். நாமோ ரொட்டியோடு சாயத்தண்ணி குடித்து வளர்ந்தவர்கள். மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தேயிலை தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சீக்கிரம் களைக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாமல் இரத்தம் சோதிக்க அனுப்புங்கள்.

பரீட்சைக்காக ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். அமெரிக்காவில் கர்க் எரிக்சன் குழுவினர் 120 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி ஓராண்டில் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மூன்றே நாள் என்பதைக் கவனியுங்கள். முதியவர்களுக்கே இந்தப் பயன் என்றால், படிக்கும் பிள்ளையின் மைதானத்தை ஏன் பறிக்க வேண்டும்?

வேலையைப் பயிற்சி என்று எண்ணாதீர்கள். “நம்ம பொம்பளைங்க தினம் மலை ஏறுறாங்களே, அவங்களுக்கு எதுக்கு உடற்பயிற்சி?” என்று நானும் பேசியிருக்கிறேன். டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு இதயநோய் ஆபத்து குறைவாகவும், கடும் உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. பயிற்சியில் சுமைக்குப்பின் ஓய்வு உண்டு. நிறுவைக்குக் கொழுந்து சேர்க்க ஓடும் வேலையில் அது இல்லை. உடல் வளர்வது அந்த ஓய்வில்தான்.

அதனால் திங்கட்கிழமை பிள்ளைகள் மைதானத்துக்கு வந்ததும் மணிக்கூட்டை எடுப்பதில்லை. “நேத்து என்ன வேலை செஞ்சீங்க?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். விறகு சுமந்த பிள்ளைக்கு அன்று ஓட்டம் கிடையாது. அம்மாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு நாள் ஓய்வை இவர்களுக்காவது கொடுக்கிறேன்.