வானொலியின் இரைச்சல்: காரணமும் பரிகாரமும்



மாத்தளை மாவட்டத்தில் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் பலவிதம். மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகப் பரம்பரை நிலத்தை விட்டுப் புதிய குடியிருப்புகளுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். மண்சரிவினாலும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலினாலும் வீடு இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புயல் நாட்களில் பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோயின. பற்றரியில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டியின் பெறுமதி அப்போது எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் பெட்டி இருந்தும், 'கரகர' என்ற இரைச்சலில் செய்தி காதில் விழாத வீடுகளும் உண்டு.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது, அதை எப்படி நீக்குவது என்று இப்பாடத்தில் பார்ப்போம். சில இரைச்சல்கள் வெறும் தொல்லை. வேறு சில, வீட்டு மின்சாரத்தில் ஆபத்து இருப்பதன் அறிகுறி. இரண்டையும் பிரித்தறிவதே முக்கியம்.

1. முதலில் காது கொடுத்துக் கேட்போம்

'உம்ம்' என்று ஒரே சீராக வருவது மின்சாரத்தின் ஒலி. நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். செக்கனுக்கு 50 சுற்றாக அலைவது. அந்த அலைவு ஸ்பீக்கருக்குள் புகுந்தால் இப்படிக் கேட்கும்.

'கரகர', 'படபட' என்பது எங்கோ தீப்பொறி பறப்பதன் அல்லது மலிவான மின்கருவி ஒன்று வேலை செய்வதன் ஒலி. மத்திய அலை வானொலியில் இது அதிகம், எப்.எம். வானொலியில் குறைவு.

எப்.எம். வானொலியில் 'உஸ்' என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் மலை மறைப்பதால் அலை பலவீனமாக வருகிறது. அன்ரனாவை முழுதாக நீட்டி, பெட்டியை யன்னலருகே வைத்துப் பாருங்கள்.

2. இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

வானொலியைப் பற்றரியில் போடுங்கள். இரைச்சல் நின்றால், அது மின்வயர் வழியாக வந்தது. நிற்காவிட்டால் காற்றின் வழியாக வருகிறது.

அடுத்து, பெட்டி பற்றரியில் பாடிக்கொண்டிருக்க, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். மெயின் சுவிட்சைப் போட்டு, பல்ப், சார்ஜர், மின்விசிறி என ஒவ்வொன்றாக இயக்குங்கள். எதைப் போட்டதும் இரைச்சல் திரும்புகிறதோ அதுவே காரணம். தொலைபேசிச் சார்ஜரும் மலிவான எல்.இ.டி. பல்ப்பும் அடிக்கடி அகப்படும். அந்தக் கருவியை மாற்றலாம், அல்லது வானொலியை இரண்டு மீற்றராவது விலக்கி வைக்கலாம்.

மெயின் சுவிட்சை அணைத்தும் இரைச்சல் தொடர்ந்தால் காரணம் வெளியே. மத்திய அலையில் வைத்துப் பெட்டியை மெல்லத் திருப்புங்கள். இரைச்சல் மிகக் குறைந்த நிலையில், பெட்டியின் நீளப்பக்கத்து முனைகளுள் ஒன்று இரைச்சல் வரும் திசையைக் காட்டும். இரண்டு இடங்களில் நின்று பார்த்தால் இடம் ஓரளவு பிடிபடும். அது மின்கம்பமானால் மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். கம்பத்தை அணுகவேண்டாம்.

3. 'உம்ம்' ஒலிக்குப் பரிகாரம்

தொலைக்காட்சியையோ தொலைபேசியையோ ஸ்பீக்கர் செற்றுடன் வயரால் இணைத்த வீடுகளில் இது அதிகம். ஒலியைக் குறைத்துவிட்டு அந்த இணைப்பு வயரைக் கழற்றுங்கள். பிறகு ஒலியைக் கூட்டினாலும் 'உம்ம்' இருந்தால் கோளாறு செற்றுக்குள்ளே, திருத்துபவரிடம் கொடுங்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், ஆகவே நீங்கள் திறக்கவேண்டாம்.

வயரைக் கழற்றியதும் நின்றால், கருவிகள் இரண்டும் வெவ்வேறு பிளக் பொயின்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே பொயின்டில் இருந்து எடுங்கள். ஒலி வயரையும் மின்வயரையும் ஒன்றாகச் சுற்றி வைக்காதீர்கள். தொலைபேசியைச் சார்ஜ் செய்துகொண்டே பாட்டுக் கேட்டாலும் இவ்வொலி வரும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

4. செய்யக்கூடாத ஒன்று

நாம் போன ஒரு வீட்டில், பிளக்கின் எர்த் வயரை வெட்டிவிட்டிருந்தார் குடும்பத் தலைவர். "வெட்டினதும் சத்தம் நின்னுபோச்சு, சுவாமி" என்றார். சத்தம் நின்றது உண்மை. அதோடு பாதுகாப்பும் போய்விட்டது. கருவிக்குள் வயர் தேய்ந்து உலோக உடலைத் தொட்டால், எர்த் வயர் அந்த மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும்; ட்ரிப் சுவிட்சும் விழும். எர்த் வயர் இல்லாத வீட்டில், தொட்ட பிள்ளையின் உடல்தான் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போகும் வழி. அன்றே மின்தொழிலாளி ஒருவரை அழைத்து வயரைத் திரும்பப் பொருத்தினோம்.

தற்காலிக வீடுகளில் அயல்வீட்டிலிருந்து மெல்லிய வயரில் மின்சாரம் எடுப்பதைக் காண்கிறோம். அங்கே பெரும்பாலும் எர்த் இருப்பதில்லை. வயர் ஒட்டிய இடம் தளர்ந்தால் வானொலி கரகரக்கும், விளக்கு மினுங்கும், பொயின்ட் சுடும், கருகல் மணம் வரும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மெயின் சுவிட்சை அணைத்துத் தகுதியுள்ள மின்தொழிலாளியை அழையுங்கள். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சுவிட்ச் விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது.

5. யானை வேலியும் வானொலியும்

வஸ்கமுவ வனத்தை அண்டிய ஊர்களில் 'டிக், டிக்' என்று ஏறக்குறைய செக்கனுக்கு ஒருமுறை கேட்டால் அது யானை மின்வேலி. வேலிப் பெட்டி அனுப்பும் மின்துடிப்பு, செடியோ கிளையோ கம்பியைத் தொடும் இடத்தில் பொறியாகக் கசிகிறது. பகலில், சிறிய வானொலியை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, கம்பியைத் தொடாமல் வேலியோரம் நடந்து செல்லுங்கள். 'டிக்' உரக்கக் கேட்கும் இடத்தில் கசிவு இருக்கும். வேலிப் பொறுப்பாளரிடம் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பின் செடியை வெட்டலாம். கசியும் வேலி யானையைத் தடுக்காது. ஓர் இரவில் ஒரு போகத்து உழைப்பே போய்விடும். வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக்குக் கொடுப்பது சட்டவிரோதம், உயிரையும் எடுக்கும்.

6. மின்னல்

இடிமழைக் காலத்தில் மத்திய அலையில் விட்டுவிட்டுப் 'படார்' என்று கேட்டால், இடி காதில் விழுமுன்பே மின்னல் வருகிறது என்று அறியலாம். வயலில் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். பிளக்கையும் வெளி அன்ரனாவையும் முன்கூட்டியே கழற்றி, வானொலியைப் பற்றரியில் கேளுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது குடியிருப்பில் எர்த் வயரும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத வீடுகள் எத்தனை?
2. அவற்றைப் பொருத்தும் செலவைச் சங்கமாகச் சேர்ந்து ஏற்க முடியுமா?
3. மின்சாரம் நின்ற இரவில் எச்சரிக்கையைக் கேட்டு அயலவருக்குச் சொல்ல, பற்றரி வானொலியுடன் பொறுப்பேற்பவர் யார்?

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் இரண்டாம் பகுதியிலுள்ள சோதனைகளைச் செய்து பார்த்து, கண்டதை எழுதி வாருங்கள்.